ரெனோவின் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு குட்டி விமானம்

2023 மார்ச்சில் அந்த அறிவிப்பு வந்தது. ரெனோவில் இனி விமானப் பந்தயம் கிடையாது, வரும் செப்டம்பரோடு சரி. 1964-இல் ஆரம்பித்து, 2001-ஐயும் கொரோனா வந்த 2020-ஐயும் தவிர்த்து வருஷம் தவறாமல் நெவாடா பாலைவனத்தில் நடந்துவந்த திருவிழா அது. ஊர் பெருத்துவிட்டது, ஸ்டெட் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டடங்கள் முளைத்துவிட்டன, காப்பீட்டுத் தொகையும் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணங்கள்தான். ஆனால் எங்கள் சின்ன விமான நிலையத்தில் அன்று யாரும் நியாயம் பேசும் மனநிலையில் இல்லை.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், பாதாம் தோப்புகளுக்கு நடுவே ஒற்றை ஓடுபாதை உள்ள ஓர் இடத்தில். அங்கே ஒரு பழைய செஸ்னா 150-இல் எனக்குப் பாதிப் பங்கு உண்டு. எதிர் ஹேங்கர்காரர் (ஹேங்கர் என்றால் விமானக் கொட்டகை) எழுபதைத் தாண்டிய மெக்கானிக், ஓய்வு பெற்றவர், ஆனால் காலை ஏழு மணிக்கெல்லாம் கதவைத் திறந்துவிடுவார். அவர் ஹேங்கரின் பின்சுவரோரம், தார்ப்பாய்க்கு அடியில், கஸட் ரேசர் என்ற குட்டிப் பந்தய விமானம் ஒன்று பல வருஷமாகக் கழற்றிய நிலையில் கிடந்தது. இறக்கை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், இன்ஜின் ஒரு மரச்சட்டத்தில். அறிவிப்பு வந்த வாரமே தார்ப்பாயை எடுத்துவிட்டார். ஓட்டப்போவது அவர் மகள். முன்பே வேறொருவரின் விமானத்தில் ரெனோவில் பந்தயம் ஓட்டியவர் என்பதால் புதுமுகங்களுக்கான ஜூன் மாதப் பயிற்சி வகுப்புக்குள் விமானத்தைத் தயார்செய்யும் நெருக்கடி எங்களுக்கு இல்லை. செப்டம்பர்தான் கெடு. சனி, ஞாயிறு, அப்புறம் பல வாரநாள் இரவுகளும் நான் அங்கேதான்.

முதலில் இந்த விமானம் ஓடும் பந்தயப் பிரிவை, அதாவது வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் ஏன் மாதக்கணக்கில் உப்புத்தாளோடு மல்லுக்கட்டினோம் என்பது புரியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிச்சப்பட்ட போர்விமானங்கள்தான் பந்தயங்களை ஆண்டன, சாதாரண ஆளுக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால் 1947-இல் கிளீவ்லாந்தில் குட்டி விமானங்களுக்கென்று தனிப் பந்தயம் தொடங்கினார்கள், குட்இயர் நிறுவனம் கோப்பை கொடுத்தது. அதன் வாரிசுதான் இன்றைய ஃபார்முலா ஒன் வகுப்பு (கார் பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). விதி சுருக்கமானது. இறக்கைப் பரப்பு 66 சதுர அடிக்குக் குறையக் கூடாது, வெற்று எடை 500 பவுண்டுக்குக் குறையக் கூடாது, சக்கரங்கள் உள்ளே மடங்கக் கூடாது, ப்ரொப்பெல்லரின் கோணம் பறக்கும்போது மாறக் கூடாது. 1968-இலிருந்து இன்ஜின் எல்லாருக்கும் ஒன்றே: கான்டினென்டல் ஓ-200. நாலு சிலிண்டர், காற்றில் குளிர்வது, நிமிஷத்துக்கு 2,750 சுற்றில் 100 குதிரைசக்தி.

என் செஸ்னாவில் இருப்பதும் அதே இன்ஜின்தான்! என் வண்டி நல்ல நாளில் மணிக்கு 120 மைல் போகும். அதே ஓ-200-ஐ வைத்துக்கொண்டு இந்த வகுப்பின் முன்வரிசைக்காரர்கள் 250 மைலைத் தொட்டுப் போகிறார்கள். ஜான் ஷார்ப்பின் நெமிசிஸ் 1991 முதல் 1999 வரை தொடர்ந்து 9 வருஷம் ரெனோவில் முதலிடம் வாங்கியது, ஓட்டிய 48 பந்தயங்களில் 45-இல் வென்றது, இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்ஜின் பொதுவென்றால் மீதி வேகம் எங்கிருந்து வருகிறது? காற்றுக்கு இடைஞ்சல் கொடுக்காமல் இருப்பதிலிருந்து. அதைத் தவிர வேறு ரகசியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கஸட் நெமிசிஸ் ஜாதி இல்லை. டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனத்தின் விமானி டாம் கஸட் 1950-களில் வடிவமைத்தது, 1958-இல் அவர் அதிலேயே தேசியப் பட்டமும் வாங்கினார். வரைபடத்தை வாங்கி யார் வேண்டுமானாலும் வீட்டுக் கொட்டகையில் கட்டலாம், நிறையப் பேர் கட்டியிருக்கிறார்கள். உடல் வெல்டிங் செய்த எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி. இறக்கை முழுக்க மரம், ஸ்ப்ரூஸ் மரத்தில் ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்பு மாதிரி ஓடும் நீளச் சட்டம்), மேலே பிளைவுட். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 15 அடி, ஒரே துண்டு. ஏறி உட்கார்ந்தால் தோள் இரண்டு பக்கமும் இடிக்கும்.

முன்பு அது 210 மைல் போனதாக அவருடைய பழைய பதிவேட்டில் இருந்தது. 225 வேண்டும் என்றார். 15 மைல்தானே என்று தோன்றும். ஆனால் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. 210-இலிருந்து 225-க்குப் போக 23 சதவீதம் கூடுதல் குதிரைசக்தி வேண்டும், அதை விதி விடாது. அல்லது காற்றுத்தடையில் 19 சதவீதம் குறைக்க வேண்டும், அதை யாரும் தடுக்கவில்லை. ஆக, 19 சதவீதத்தைத் தேடிப் புறப்பட்டோம்.

தேடுவதற்கு முன்னால் அது பத்திரமாகப் பறக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. உடலின் பழைய துணியைக் கிழித்து எடுத்தோம். சட்டம் பார்வைக்கு அருமையாக இருந்தது, பச்சை ப்ரைமர் அப்படியே இருந்தது. இது வால்சக்கர விமானம், நிற்கும்போது வால்தான் தாழ்ந்த இடம். உள்ளே புகுந்த ஈரம் எல்லாம் அங்கே வந்துதான் தேங்கும். பெரியவர் பஞ்ச் என்ற கூர்முனை இரும்புக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு அடிக்குழாயில் அங்குலத்துக்கு அங்குலம் தட்டிக்கொண்டே வந்தார், டிங், டிங் என்று ஒரே சத்தம். வால்சக்கரம் மாட்டும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் மாறியது. இன்னொரு தட்டு தட்டினார், பஞ்ச் உள்ளே போய்விட்டது. குழாயின் சுவரே 0.9 மில்லிமீட்டர்தான், அது உள்ளிருந்து துருப்பிடித்துக் காகிதமாகியிருந்தது, வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அவருக்குக் கோபம் இல்லை, சந்தோஷம் மாதிரிதான் இருந்தது. “இதை நான் கண்டுபிடித்தேன், இல்லாவிட்டால் 4 ஜி திருப்பத்தில் அதுவே என் பெண்ணைக் கண்டுபிடித்திருக்கும்” என்றார் (4 ஜி என்றால் எடை நாலு மடங்காக அழுத்தும் திருப்பம்).

கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் சேர்த்தோம். நேராக வெட்டி ஒட்டக் கூடாது. வெல்டிங் குழாயைச் சுற்றி ஒரே வளையமாக வந்தால், சூட்டில் இளகிய உலோகமும் ஒரே வளையமாக நிற்கும், முறிய வேண்டிய நாளில் அங்கேதான் முறியும். அதனால் மேலே போடும் உறையின் இரு முனைகளையும் மீன் வாய் பிளந்த மாதிரி வெட்டி, வெல்டிங் சாய்வாக ஓடும்படி செய்வார்கள். அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13 பழுதுபார்ப்புக் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. வெல்டிங் அவர்தான், என்னைத் தொட விடவில்லை. பிறகு சிறு துளை வழியாகச் சூடான ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, சட்டத்தையே இப்படியும் அப்படியும் புரட்டி, மிச்சத்தை வடித்துத் துளையை அடைத்தோம். ஹேங்கர் முழுக்க அந்த வாசனை வாரக்கணக்கில் நின்றது, என் சட்டையிலும்தான்.

துணி போர்த்துவது பார்க்க வேடிக்கையான வேலை. பாலியஸ்டர் துணி, ஓரத்தைப் பசையால் ஒட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் சுருங்கி இறுகும். முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட், கடைசியாக 350. அதற்கு மேல் போனால் துணி மறுபடி தளர ஆரம்பித்துவிடும், அதனால் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாமல் வெப்பமானி வைத்து அளந்துதான் தேய்க்க வேண்டும். விரலால் சுண்டினால் பறை மாதிரி அதிர்ந்தது. இரண்டு வார இறுதிகளில் அது முடிந்துவிட்டது.

முடியாமல் இழுத்தது இறக்கை. ரிப்புகளுக்கு (இறக்கையின் விலா எலும்புகள்) நடுவில் பிளைவுட் வருஷக்கணக்கில் கொஞ்சம் உள்வாங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆறடி மட்டக்கோலை இறக்கையின் மேல் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால், கோலுக்கு அடியில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். எங்கள் இறக்கையில் பள்ளம் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. மேற்பரப்பில் முன்விளிம்பிலிருந்து காற்று படலம் படலமாக, கலங்காமல் ஒட்டிப் போக வேண்டும், எவ்வளவு தூரம் அப்படிப் போகிறதோ அவ்வளவு தடை மிச்சம். ஒரு பூச்சி அடித்து ஒட்டிக்கொண்டாலே அதன் பின்னால் விசிறி மாதிரி ஒரு முக்கோணம் முழுக்கக் காற்று கலங்கிவிடும். இந்த வகுப்பில் பந்தயத்துக்கு முன்னால் ஆட்கள் இறக்கையைத் துடைத்துக்கொண்டே இருப்பது அழகுக்காக இல்லை.

பட்டி பார்த்தோம். வீட்டுச் சுவர் பட்டி இல்லை, எபாக்ஸியில் மிக நுண்ணிய வெற்றுக் கண்ணாடி உருண்டைகளைக் கலந்த பசை. லேசானது, தேய்க்கச் சுலபம். பூசி, காயவிட்டு, நீளப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, இறக்கையின் நீளத்துக்குக் குறுக்குச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். கையால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் கை பள்ளத்தில் இறங்கி ஏறும், பலகை இறங்காது, மேட்டை மட்டும் வெட்டும். தேய்த்ததில் முக்கால்வாசி தூசியாகத் தரையில். மறுபடி மட்டக்கோல், மறுபடி டார்ச், மறுபடி பட்டி. மத்தியப் பள்ளத்தாக்கின் ஜூலையில், தகரக் கூரைக்கு அடியில், முகமூடி போட்டுக்கொண்டு இதைச் செய்வதைப் பற்றி இன்னும் எழுதலாம், வேண்டாம்.

இங்கேதான் எனக்கும் பெரியவருக்கும் தகராறு. ஸ்பார் வரை பட்டி பார்த்தால் போதும், அதற்குப் பின்னால் காற்று எப்படியும் கலங்கத்தான் போகிறது, பின்பாதியில் போடும் ஒவ்வொரு பூச்சும் வெறும் எடை என்பது என் கட்சி. முழு இறக்கையும் ஒரே வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு, பின்பாதியில் உள்ள மேடுபள்ளம் கலங்கிய காற்றையும் சீக்கிரமே பிய்த்துவிடும். ஆனால் நாள்காட்டி அவர் பக்கம் இல்லை. மகள் வந்து பார்த்தார், ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் கேட்டார், “நான் ஆகஸ்டில் பறக்க வேண்டும்” என்றார். பின்பாதி அப்படியே ப்ரைமருக்குப் போனது. இன்றைக்கும் அந்தப் பக்கம் வரும்போது அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

உண்மையான லாபம் கௌலிங்கில், அதாவது இன்ஜினை மூடும் உறையில் இருந்தது என்று நினைக்கிறேன். இன்ஜினைக் குளிர்விக்க முன்வாயில் காற்று நுழைகிறது, சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே இறங்கிப் பின்னால் வெளியேற வேண்டும். தகரத் தடுப்புகளில் இடுக்கு இருந்தால் அந்தக் காற்று சிலிண்டரைத் தொடாமல் நழுவிவிடும். தடையைக் கொடுத்துவிட்டுப் பலன் தராமல் போகும் காற்று அது. ஓர் இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, தடுப்புக்குக் கீழே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, காற்று வரும் வாய் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தோம். தீபாவளி மாதிரி இருந்தது. வெளிச்சம் கசிந்த ஒவ்வொரு இடத்தையும் சாக்பீஸால் குறித்து, சிலிகானும் ரப்பர் பட்டையும் வைத்து அடைத்தோம். அதன் பிறகு முன்வாயையே கொஞ்சம் குறுக்க முடிந்தது. அய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) கீல் இடுக்குகளுக்கு டேப், சக்கர உறைகளில் டயரைச் சுற்றியிருந்த இடைவெளிக்கு உதடு மாதிரி ஒரு விளிம்பு, இதெல்லாம் கூடவே நடந்தது.

இன்ஜினைப் பொறுத்தவரை விதி இறுக்கமானது. பாகங்கள் அந்த இன்ஜினுக்கே உரியவையாக இருக்க வேண்டும், நம் கைவண்ணத்துக்கு இடம் கொஞ்சம்தான். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் வைத்து நாலும் ஒரே எடை வரும்வரை சரிபார்த்தோம், தீப்பொறி தரும் மேக்னெட்டோவை மாற்றினோம், அவ்வளவுதான். ஆனால் 2,750 சுற்றுக்குச் செய்த இந்த இன்ஜினைப் பந்தயத்தில் 4,000-க்கு மேல் சுழற்றுகிறார்கள். அதனால்தான் ப்ரொப்பெல்லரும் குட்டை. என் செஸ்னாவின் 69 அங்குல ப்ரொப்பெல்லரை 4,000 சுற்றில் விட்டால் அதன் முனை ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும், சத்தம் மட்டும்தான் மிஞ்சும், இழுப்பு இருக்காது. புது கார்பன் ப்ரொப்பெல்லர் ஒன்று வாங்கினார், மொத்தச் செலவில் பெரிய தொகை அதுதான்.

கலர் பெயின்ட் வேண்டாம் என்று விட்டோம். ப்ரைமரின் மேல் வெள்ளை மட்டும், ரேஸ் எண் ஸ்டிக்கரில். மூன்று தராசுகளில், வாலைத் தூக்கி ரசமட்டம் பார்த்து நிறுத்தி எடை போட்டபோது குறைந்தபட்ச அளவான 227 கிலோவுக்கு மேல் பத்து கிலோ சொச்சம் கூடுதலாக இருந்தது. பட்டியின் எடை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ப்ரொப்பெல்லரும் கௌலிங்கும் மாறியதால் இது பெரிய மாற்றக் கணக்கில் வந்தது. அமெரிக்க விதிப்படி குறைந்தது 5 மணி நேரம், குறித்த பரப்புக்குள், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தின் மேல் சோதனைப் பறப்பு முடித்தாக வேண்டும். முதல் பறப்பில் எண்ணெய்ச் சூடு சிவப்புக் கோட்டை நெருங்கியது, உடனே இறங்கிவிட்டார். சிலிண்டர்கள் நன்றாகக் குளிர்ந்தன, எண்ணெய்க்குத்தான் காற்று போதவில்லை. நாங்கள் அடைத்த இடுக்குகளில் ஒன்று தற்செயலாக அதற்கு உதவிக்கொண்டிருந்திருக்கிறது போல. எண்ணெய்த் தொட்டிக்கென்று ஒரு சிறு குழாய் விட்டோம், சரியானது. வீடு திரும்பினால் மனைவி, “ஆயில் எப்படி இருக்கு?” என்றுதான் முதலில் கேட்பாள், நான் எப்படி இருக்கிறேன் என்பது அப்புறம்.

இந்த விமானங்கள் பந்தயத்துக்குப் பெரும்பாலும் ட்ரெய்லரில்தான் போகும். இறக்கையைக் கழற்றி, உடலோடு கட்டி, ஐ-80 நெடுஞ்சாலையில் டானர் கணவாயைத் தாண்டி ரெனோவுக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஸ்டெட் கடல் மட்டத்திலிருந்து 5,050 அடி. கீழே இருப்பதைவிடக் காற்று ஏழில் ஒரு பங்கு குறைவு, வெயில் ஏறினால் இன்னும் குறைவு, 100 குதிரைசக்தி அங்கே 100 இல்லை. தடையும் குறையும் என்பதால் ஓட்டத்தில் ஓரளவு ஈடாகிவிடும், புறப்பாட்டில்தான் திண்டாட்டம். இந்த வகுப்பில் எட்டு விமானங்கள் ஓடுபாதையில் வரிசைகட்டி நிற்க, கொடி இறங்கியதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். பலவற்றில் ஸ்டார்டரே கிடையாது, ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு எதிரே நிற்பவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

தகுதிச் சுற்றில் 221. நாலு மைல் குறைவு, பெரியவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. சுற்றுப்பாதை 3 மைலுக்குக் கொஞ்சம் மேலே, பந்தயம் 8 சுற்று, ஏழு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். மார்ச்சிலிருந்து செய்ததெல்லாம் இந்த ஏழு நிமிஷத்துக்குத்தானா என்று அங்கே வந்த என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் தாலி கட்ட ஒரு நிமிஷம்தானே ஆனது என்று கேட்பவரை என்ன செய்வது? வெண்கலப் பிரிவில் ஓடினோம், நடுவாக்கில் முடித்தோம். கடைசித் திருப்பத்தில் முன்னால் போன ஒருவரை மகள் வெளிப்பக்கமாகத் தாண்டினார், அந்தச் சுற்றுக்கு நான் கத்தியதில் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

ஞாயிறு மதியம் வேறொரு வகுப்பில், டி-6 என்ற பழைய பயிற்சி விமானங்களின் பந்தயம் முடிந்து இறங்க வரும்போது இரண்டு மோதி, இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள். மிச்சப் பந்தயங்களை ரத்து செய்துவிட்டார்கள். ரெனோ அப்படித்தான் முடிந்தது. நாங்கள் பேசாமல் இறக்கையைக் கழற்றி ட்ரெய்லரில் ஏற்றினோம்.

ஊருக்கு வந்து கௌலிங்கைத் திறந்தபோது எக்ஸாஸ்ட் குழாய் ஒன்றில் வெல்டிங் ஓரமாக நகக்கண் அளவுக்கு விரிசல் இருந்தது, 4,000 சுற்றின் அதிர்வுக்கு அது கொடுத்த விலை. 2025-இல் பந்தயம் நியூ மெக்ஸிகோவின் ரோஸ்வெல்லுக்கு மாறிவிட்டது, நாங்கள் போகவில்லை, மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த ஊர் 3,700 அடிக்கும் குறைவான உயரம், ஸ்டெட்டைவிடக் காற்று அடர்த்தி. அதனால் முன்வாயை இன்னும் குறுக்கலாம் என்று பெரியவர் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணெய் மறுபடி கொதிக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் அந்த எக்ஸாஸ்ட்டைப் பற்றவையுங்கள், பிறகு சண்டை போடுங்கள் என்று போன வாரம் மகள் போனில் சொன்னார், இந்தச் சனிக்கிழமை அதைத்தான் செய்யப்போகிறோம்.